க்ரீட் பாதி, கான்கிரீட் பாதி

நாள் 1

காலைல ஆறு மணிக்கு கிரேக்க நாட்டுத் தீவு க்ரீட்ல, ஹெராக்லியான் துறைமுகத்துல இறங்கியாச்சு. முந்தின ராத்திரி ஏதென்ஸ் பக்கத்துல பிரேயஸ் துறைமுகத்துல கப்பல் ஏறினோம், கேபின் வேணாம் சீட்டே போதும்னு நான்தான் சொன்னேன், மிச்சம் பிடிச்ச காசுக்கு கழுத்து வலி வந்ததுதான் லாபம். அக்கா மட்டும் சீட்லயே சுருண்டு நல்லா தூங்கி எழுந்து "வந்துடுச்சாடி?"ன்னு கேட்டா.

எதுக்கு க்ரீட்டுன்னா, எங்க வீட்ல அட்டை கிழிஞ்ச ஒரு பழைய படப் புத்தகம் இருந்துச்சு. அதுல ரெண்டு பக்கத்துக்கு ஒரே படம், சுவர் முழுக்க நீல டால்ஃபின், சின்னச் சின்ன மீனு, கீழ "க்னோசோஸ் அரண்மனை, ராணியின் அறை"ன்னு ஒரு வரி. அந்தப் பக்கத்தை யார் முதல்ல பாக்கறதுன்னு நானும் அக்காவும் அடிச்சுக்கிட்டிருக்கோம். 3500 வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒருத்தி அந்த டால்ஃபினைப் பாத்துக்கிட்டே தலை வாரியிருப்பான்னு நினைச்சு நினைச்சே வளர்ந்தாச்சு.

கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு மாசமா உக்காந்து படிச்சேன், அதுதான் நான் பண்ண தப்பு. அந்த அரண்மனையைக் கட்டின ஜனங்களை மினோவன்னு சொல்றாங்க, ஆனா "மினோவன்"ங்கற பேரே அவங்க வச்சுக்கிட்டது இல்ல. கிரேக்கக் கதைல வர்ற மினோஸ் ராஜா இருக்காருல்ல, எருமைத் தலை மனுஷனை, இல்ல காளைத் தலை மனுஷனை, சுத்துப்பாதைக்குள்ள அடைச்சு வச்சவரு, அவர் பேரை எடுத்து இந்த மொத்த நாகரிகத்துக்கும் ஒட்டி நிலைக்க வச்சது க்னோசோஸைத் தோண்டின ஆர்தர் எவன்ஸ்ங்கற இங்கிலாந்து ஆய்வாளர். எகிப்துக்காரங்க இந்தத் தீவு ஆளுங்களை கெஃப்டியுன்னு எழுதி வச்சிருக்காங்க. இவங்க தங்களை என்னன்னு சொல்லிக்கிட்டாங்கன்னு இன்னி வரைக்கும் யாருக்கும் தெரியாது.

அதனால இந்தப் பயணத்துக்கு ஒரு விளையாட்டு வச்சிருக்கேன். எதைப் பாத்தாலும் ஒட்டு எங்க இருக்குன்னு முதல்ல கண்டுபிடிக்கணும், அதாவது எது அவங்க பண்ணது, எது நூறு வருஷத்துக்கு முன்னாடி வந்தவங்க பண்ணது. அக்காகிட்ட சொன்னேன். "இவ்ளோ தூரம் செலவு பண்ணி வந்துட்டு ஜவுளிக்கடைல டேமேஜ் பாக்கற மாதிரி பாக்கப் போறியா"ன்னா.

சாயங்காலம் சிங்க நீரூற்றுப் பக்கத்துல பூகாட்சா சாப்பிட்டோம், உள்ள க்ரீம் வச்சு மேல சர்க்கரை தூவின பஃப்ஸ் மாதிரி. நீரூற்று 1628ல வெனிஸ்காரங்க ஆண்டப்ப கட்டினது. இன்னைக்கு இதுக்கு மேல கண்ணு திறக்கல.

நாள் 2

ரெண்டாம் நம்பர் பஸ், ஊர்ல இருந்து 5 கிலோமீட்டர், க்னோசோஸ் வாசல்லயே இறக்கி விட்டுட்டாங்க. கேட் திறக்கறதுக்கு முன்னாடியே போய்டணும்னு சொன்னவங்க வாயில சர்க்கரை போடணும், ஒம்பதரைக்கெல்லாம் கப்பல் டூரிஸ்ட் கூட்டம் கொடி பிடிச்சுக்கிட்டு வந்துடுச்சு. பைன் மரத்தடில மயில் நடந்து போய்ட்டிருந்துச்சு, அக்காவுக்கு அரண்மனையை விட அதுலதான் சந்தோஷம்.

உள்ள நுழைஞ்சதும் மேற்கு முற்றத்துல எவன்ஸ் சிலை. முதல் கோபம் எனக்கு அங்கயே வந்துடுச்சு, ஏன்னா இந்த மேட்டை முதல்ல தோண்டினவரு எவன்ஸே இல்ல. ஹெராக்லியான்ல ஒரு வியாபாரி இருந்தாரு, பேரு மினோஸ் கலோகெரினோஸ். ஆமா, மினோஸ்தான், கதை எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க. அவரு 1878 கடைசில இங்க குழி போட்டு, வரிசையா ஆள் உயரத் தாழிங்க நிக்கற கிடங்கைக் கண்டுபிடிச்சாரு. அப்ப க்ரீட் ஒட்டோமான் ஆட்சில இருந்துச்சு, கிடைக்கறதையெல்லாம் இஸ்தான்புல்லுக்கு அள்ளிட்டுப் போய்டுவாங்கன்னு பயந்து உள்ளூர் ஆளுங்களே தோண்டறதை நிறுத்தச் சொல்லிட்டாங்க. அப்புறம் ட்ராய் நகரத்தைத் தோண்டிப் புகழ் வாங்கின ஷ்லீமன் வந்து நிலத்தை விலை பேசினாரு, படியல. 1894ல எவன்ஸ் வந்தாரு, முத்திரைக் கல்லு தேடி. இங்க கிராமத்துப் பொம்பளைங்க அந்தப் பழைய முத்திரைக் கல்லைத்தான் பால் கல்லுன்னு கழுத்துல போட்டுப்பாங்களாம், பிள்ளைக்குப் பால் சுரக்கும்னு. அதுல இருந்த குறிங்களைப் பாத்துட்டுதான் இங்க ஏதோ எழுத்து இருந்திருக்குன்னு எவன்ஸுக்குப் பொறி தட்டுச்சு. அப்பா காகித ஆலை முதலாளி, காசுக்குப் பஞ்சமில்ல, மேட்டையே வாங்கிட்டாரு. 1900 மார்ச் 23 அன்னைக்கு தோண்ட ஆரம்பிச்சு மூணு வாரத்துலயே சிம்மாசன அறை. கலோகெரினோஸ் வீடு 1898 கலவரத்துல எரிஞ்சு, அவர் சேர்த்து வச்சதும் எழுதி வச்சதும் சாம்பலாப் போச்சு. சிலை மட்டும் எவன்ஸுக்கு.

சரி, அரண்மனை. தூரத்துல இருந்து பாத்தா அந்தச் சிவப்புத் தூணுங்க, மேல அகலமா கீழ ஒடுங்கி, எல்லா போட்டோலயும் வர்றது, நிஜமாவே கம்பீரமாத்தான் இருக்கு. கிட்ட போய்க் கை வைக்க முடியற தூரத்துல பாத்தா பலகை அடிச்சு வார்த்த கான்கிரீட். அசல் தூண் மரம், அது கருகியும் மக்கியும் போயாச்சு. உத்தரம்னு தெரியறதும் கான்கிரீட், மரம் மாதிரி மஞ்சளா பெயின்ட் அடிச்சது. மேல் மாடிக்கு எவன்ஸ் பியானோ நோபிலேன்னு இத்தாலி மாளிகைக்கு வைக்கற பேரை வச்சாரு, அந்த மாடி கிட்டத்தட்ட முழுசும் 1920கள்ல எழும்பினது.

நான் திட்டத் தயாரா இருந்தேன், ஆனா பெரிய படிக்கட்டு கிட்ட போனதும் வாய் அடைச்சுடுச்சு. மலைச்சரிவுக்குள்ள அடுக்கடுக்கா இறங்குது, வெளிச்சத்துக்கு நடுவுல ஒரு திறந்த கிணறு மாதிரி விட்டிருக்காங்க. தோண்டறப்ப மேல்தளம் அப்படியே சரிஞ்சு மண்ணுக்கு மேல தொங்கிட்டு இருந்திருக்கு, தாங்கின மரம் கரியா இருக்கு, மண்ணை எடுத்தா மொத்தமும் விழும். முதல்ல மரத்துல முட்டுக் குடுத்தாங்க, அது இந்த ஊர் ஈரத்துல உளுத்துடுச்சு, அப்புறம் இரும்பு உத்தரம், கடைசில கம்பி போட்ட கான்கிரீட். அந்தக் காலத்துல அது புது டெக்னாலஜி, எவன்ஸ் குஷியாயிட்டாரு போல, முட்டுக் குடுக்கறதுல ஆரம்பிச்சது கட்டறதுல போய் முடிஞ்சுது. இப்ப அந்தக் கம்பி துருப்பிடிச்சு கான்கிரீட்டு வெடிக்குது, அதனால எவன்ஸ் கட்டினதையே பழைய சின்னம் மாதிரி இப்ப பராமரிக்க வேண்டியிருக்கு. ஒட்டுப் போட்டதுக்கு ஒட்டு.

மதியம் வரைக்கும் சுத்தினதுல எனக்குப் புரிஞ்சது இதுதான். கான்கிரீட்டால பெரிய கெடுதல் இல்ல. கான்கிரீட்டு கான்கிரீட்டுன்னு பாத்தாலே தெரியுது. பேர் வச்சாரு பாருங்க, அதுலதான் ஒட்டு தெரியவே மாட்டேங்குது. வடக்கு வாசல்ல தூணுங்க நிக்கற ஒரு கூடம், அதுக்குப் பேரு சுங்கச் சாவடி. சின்ன ரூம், பக்கத்துல தொட்டி மாதிரி ஒண்ணு, உடனே ராணி அறை. பெருசா இருந்தா ராஜா, சின்னதா இருந்தா ராணி, இது 1900 இங்கிலாந்துப் பங்களா கணக்கு. சிம்மாசன அறைன்னு சொல்றதுல அந்த ஜிப்சம் கல்லு நாற்காலி மட்டும் அசல், தோண்டினப்ப நின்ன இடத்துலயே நிக்குது. ரெண்டு பக்கமும் சிங்க உடம்பு, கழுகுத் தலை வச்ச மிருகம் சுவர்ல படுத்திருக்கே, அது கில்லியரோன்ங்கற ஓவியர் கை. அதுல உட்கார்ந்தது யாரு? எவன்ஸ் முதல்ல மினோஸ் மக அரியாட்னே இளவரசின்னாரு, அப்புறம் பூசாரி ராஜான்னாரு, அவருக்கப்புறம் வந்த சில ஆய்வாளர்கள் இல்ல அது பெண் பூசாரிதான்னாங்க. நாற்காலி பாட்டுக்கு சும்மா இருக்கு. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் கியூல நின்ன ஒரு அப்பா பையன்கிட்ட "இங்கதான் கிங் மினோஸ் உக்காருவாரு"ன்னு அடிச்சு சொல்லிட்டிருந்தாரு.

டால்ஃபின் அறைக்குக் கடைசியாத்தான் போனேன், வேணும்னே. எட்டிப் பாக்கற மாதிரி ஒரு இடத்துல இருந்துதான் பாக்க முடியும். சுவர்ல இருக்கறது நகல்னு தெரியும், அசல் துண்டுங்க மியூசியத்துல. அது தெரிஞ்சும் நெஞ்சு அடிச்சுக்கிச்சு. நீலம் அதே நீலம். அப்பத்தான் அக்காகிட்ட சொன்னேன், அந்தத் துண்டுங்க சுவர்ல ஒட்டிக்கிட்டு இருந்து கிடைக்கல, கீழ சிதறிக் கிடந்துதான் கிடைச்சுது, அது மேல்மாடி அறையோட தரையில வரைஞ்ச படமா இருக்கணும், தளம் இடிஞ்சு கீழ விழுந்திருக்கணும்னு பின்னாடி வந்த ஆய்வாளர்கள் சொல்றாங்கன்னு. அக்கா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "அப்ப டால்ஃபின் மேல மிதிச்சுக்கிட்டா நடந்தாங்க"ன்னு கேட்டா. ரூமுக்கு வந்தப்புறமும் அதையே ரெண்டு தடவ கேட்டா.

நாள் 3

இன்னைக்கு முழு நாளும் ஹெராக்லியான் தொல்பொருள் மியூசியம். பத்து மணிக்கு உள்ள போய் நாலு மணிக்கு வெளிய வந்தோம், நடுவுல ஒரு ஃப்ரெடோ எஸ்ப்ரெஸோ, ஐஸ் போட்ட காபி. இதை மட்டும் பாக்கக்கூட க்ரீட் வரலாம்.

மாடில சுவரோவியங்க. இங்க என் விளையாட்டு ஈஸி, ஏன்னா ஒட்டு நேராவே தெரியுது. அசல் துண்டு மேடு பள்ளமா, கலர் மங்கி, விளிம்பு உடைஞ்சு இருக்கும், அதைச் சுத்தி வழவழன்னு நிரப்பின பூச்சுல மிச்சப் படம் வரைஞ்சிருக்கும். பத்தடி தள்ளி நின்னா முழு ஓவியம், ரெண்டடில நின்னா கடல்ல அங்கங்க தீவு மாதிரி அசல்.

லில்லி இளவரசன் முன்னாடிதான் அதிக நேரம் நின்னோம். தலைல மயிலிறகு கிரீடம், இடுப்பு ஒடுங்கி, கையை வீசி நடக்கற பையன், க்ரீட்டோட அடையாளமே இவன்தான், காந்தம், டீ-ஷர்ட், சோப்பு டப்பா எல்லாத்துலயும் இருக்கான். 1901ல கிடைச்சது என்னன்னா, நெஞ்சுப் பகுதி ஒரு துண்டு, கிரீடம் ஒரு துண்டு, கால் துண்டு. முகம்? கிடைக்கவே இல்ல. அந்த மூக்கு, கண்ணு, உதடு எல்லாம் கில்லியரோன் மகன் வரைஞ்சது. அப்பா பேரும் எமில், மகன் பேரும் எமில், ரெண்டு பேருமே எவன்ஸுக்கு வேலை செஞ்சாங்க. அந்த மூணு துண்டும் ஒரே ஆளோடதே இல்ல, கிரீடம் ஒரு பெண் பூசாரியோடதாவோ, மனுஷத் தலையும் சிங்க உடம்பும் வச்ச ஸ்ஃபிங்ஸோடதாவோ இருக்கலாம், நெஞ்சு ஒரு குத்துச்சண்டைக்காரனோடதா இருக்கலாம்னெல்லாம் பின்னாடி எழுதியிருக்காங்க. ஒருத்தரோட கிரீடம், இன்னொருத்தரோட உடம்பு, சுவிஸ் ஓவியர் குடும்பத்துல வரைஞ்ச முகம். அக்கா சொன்னா, "கல்யாண ஆல்பத்துல தலையை வெட்டி ஒட்டின மாதிரி இருக்கே."

இதுல ஒண்ணு சொல்லணும், அந்த அப்பாவும் மகனும் நகல் செஞ்சு விக்கற தொழிலும் வச்சிருந்தாங்க, உலகத்துல பல மியூசியம் அவங்க நகலை வாங்கி மாட்டிச்சு. அப்ப என்ன ஆச்சு, அசலைச் சரிபண்றவங்களும் அவங்களே, நகல் விக்கறவங்களும் அவங்களே, ஜனங்களுக்கு மினோவன்னா எப்படி இருக்கும்னு கண்ணுல பதிய வச்சவங்களும் அவங்களே. அந்த ஓவியங்கள்ல பொம்பளைங்க எல்லாம் 1900 பாரிஸ் ஃபேஷன் மாதிரி இருக்காங்கன்னா, ஒருத்திக்கு பேரே "பாரிஸ்காரி"ன்னு வச்சிருக்காங்கன்னா, பாரிஸை அவங்க அங்க பாத்தாங்களா இல்ல அவங்களே கொண்டு போய் வச்சாங்களான்னு கேள்வி வரத்தான் செய்யும். ஆனா நியாயமா சொல்லணும்னா பாரிஸ்காரியோட முகம் அசல் துண்டு. அந்தப் பெரிய கண்ணு, சிவந்த உதடு, நெத்தில சுருட்டை முடி எல்லாம் அவங்களே வரைஞ்சது. இதைப் பாத்தப்ப நான் கொஞ்சம் அடங்கிட்டேன்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை நீலப் பையன். குங்குமப்பூ பறிக்கற நீல உடம்புப் பையன்னு எவன்ஸ் காலத்துல தலை வச்சு வரைஞ்சு முடிச்சாங்க. பின்னாடி நிகோலாஸ் பிளாட்டோன்ங்கற கிரேக்க ஆய்வாளர் உக்காந்து பாத்தாரு, பையனுக்கு எதுக்கு வால் துண்டு? அது பையன் இல்ல, குரங்கு! க்ரீட்ல குரங்கே கிடையாது, எகிப்துப் பக்கத்துல இருந்து வந்திருக்கணும். குரங்குன்னா கப்பல் போக்குவரத்து, வியாபாரம், அந்நிய தேசத்து மிருகத்தைத் தோட்டத்துல வளர்க்கற வசதி எல்லாம் சேர்ந்து வருது. பையன்னு வச்சிருந்த வரைக்கும் அது வெறும் அழகான பையன். அசல்தான் ரீமேக்கை விட சுவாரசியமா இருக்கு.

கீழ தளத்துல பாம்பு தெய்வம். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாடி கூட்டம் நெருக்குது. ஒரு சாண் உசரம் கொஞ்சம் கூட இருக்கும், ஃபையான்ஸ்ல செஞ்சது, அதாவது மணல் மாதிரிப் பொடியைக் குழைச்சு சுட்டு மேல பளபளப்பு ஏத்தின பொருள். 1903ல ஒரு தரைக்கடில கல் பெட்டிக்குள்ள உடைஞ்சு கிடந்ததை எடுத்தாங்க. ரெண்டு கையிலயும் பாம்பைத் தூக்கிப் பிடிச்சு, தலைல பூனை உக்காந்திருக்கற சின்னவ இருக்காளே, அவளுக்குக் கிடைச்சப்ப தலை இல்ல, ஒரு கையும் இல்ல. முகத்தை டென்மார்க்ல இருந்து வந்த ஒரு கலைஞர் செஞ்சாரு. பூனை தனியா கிடைச்சுது, சரி இது தொப்பி மேல உக்காரும்னு உக்கார வச்சாங்க. இவ தெய்வமா, பூசாரியா, பாம்பாட்டியான்னு அந்தத் துண்டுங்களை வச்சு யாரும் சொல்ல முடியாது. பேரு மட்டும் தெய்வம்.

இந்தத் தெய்வத்துக்குக் கிடைச்ச புகழ்ல அடுத்து என்ன ஆச்சுன்னா, தங்கச்சிங்க வரிசையா வர ஆரம்பிச்சாங்க. எந்தக் குழில இருந்து எடுத்ததுன்னு யாரும் சொல்ல முடியாத தெய்வங்க. பாஸ்டன் மியூசியத்துக்கு 1914ல தந்தமும் தங்கமுமா ஒருத்தி, கேம்பிரிட்ஜுக்கு 1926ல கல்லுல ஒருத்தி, டொரோன்டோவுக்கு 1931ல காளையைத் தாண்டற விளையாட்டு உடுப்புல ஒருத்தி. டொரோன்டோக்காரிக்கு எவன்ஸே சொக்கிப் போய் எழுதினாரு. கேம்பிரிட்ஜ்காரியும் டொரோன்டோக்காரியும் போலின்னு இப்ப கிட்டத்தட்ட எல்லாரும் ஒத்துக்கறாங்க, பாஸ்டன்காரி மேல பலத்த சந்தேகம். லியோனார்ட் வூல்லி, அவர்தான் மெசபடோமியால "ஊர்"ங்கற பேர்ல இருந்த பழைய நகரத்தைத் தோண்டினவரு, ஒரு சம்பவம் எழுதி வச்சிருக்காரு. எவன்ஸ்கிட்ட துண்டு ஒட்டற வேலை பாத்த ஒருத்தர் சாகக் கிடக்கறப்ப நாங்கதான் போலி செஞ்சு வித்தோம்னு வாக்குமூலம் குடுத்தாராம், போய்ப் பாத்தா பட்டறைல தந்தத்துல பாதி செதுக்கினது, முழுசா செதுக்கினது எல்லாம் இருந்துச்சாம். யோசிச்சா இது தர்க்கப்படி சரிதான். பகல்ல எவன்ஸ் சொன்ன மாதிரி காணாமப் போன கையும் தலையும் செஞ்சு பழகின கை, ராத்திரி மொத்த உடம்பையும் செய்யாதா? எவன்ஸ் மனசுல எப்படி ஒரு தெய்வம் இருக்கோ அப்படியே செஞ்சு குடுத்தா அவர் ஏன் சந்தேகப்படப் போறாரு, அவருக்குத் தெரிஞ்ச முகம்தானே.

இதுக்கு நேர் எதிர் கதையும் அதே மியூசியத்துல இருக்கு. மினோஸ் மோதிரம்னு ஒரு தங்க மோதிரம், முகப்புல இத்தூண்டு இடத்துல மரம், கோயில், படகு, பறக்கற உருவம் எல்லாம் செதுக்கினது. 1928ல ஒரு சின்னப் பையன் கண்டெடுத்தான். கைமாறி ஒரு பாதிரியார்கிட்ட போச்சு, பாத்தவங்கள்ல சிலர் போலின்னுட்டாங்க, அப்புறம் பல வருஷம் மோதிரத்தையே காணோம். இந்த நூற்றாண்டு ஆரம்பத்துல திரும்பக் கிளம்பி வந்துச்சு, சோதிச்சுப் பாத்து அசல்னு சொல்லி மியூசியம் எடுத்துக்கிச்சு. போலியைக் கும்பிட்டாங்க, அசலை போலின்னாங்க. அக்கா அந்த மோதிரத்தை விட்டு நகரவே இல்ல, "இதுல ஒட்டே இல்லடி"ன்னு சொல்லிட்டே இருந்தா, ஏதோ அவ நகையைக் காட்டற மாதிரி.

களிமண் பலகைங்க பத்தி எழுதாம தூங்க மனசு வரல. லீனியர் பின்னு எவன்ஸ் பேர் வச்ச எழுத்து. பாக்க ஒண்ணுமே இல்ல, உள்ளங்கை சைஸ்ல வெண்டைக்காய் மாதிரி நீளமா கறுத்த மண்ணு. சுடாம வச்சிருந்த மண்ணு, அரண்மனை எரிஞ்ச தீயில வெந்துதான் தப்பிச்சுது. எவன்ஸ் சாகற வரைக்கும், 1941 வரைக்கும், இது கிரேக்கம் இல்லன்னு நம்பினாரு, க்ரீட்டுதான் கிரேக்கத்தை ஆண்டுச்சுங்கறது அவர் கட்சி. 1936ல லண்டன்ல ஒரு கண்காட்சில எவன்ஸைப் பாத்த 14 வயசு ஸ்கூல் பையன் மைக்கேல் வென்ட்ரிஸ், வளர்ந்து ஆர்க்கிடெக்ட் ஆகி, 1952ல அதை உடைச்சுட்டான். கிரேக்கம்! பழைய கிரேக்கம். கடைசிக் காலத்துல க்னோசோஸை ஆண்டவங்க கிரேக்கம் பேசினவங்க. உள்ள என்ன எழுதியிருக்குன்னா ஆட்டுக் கணக்கு, கம்பளிக் கணக்கு, எண்ணெய்க் கணக்கு. ஒரு பலகைல மட்டும் சுத்துப்பாதை நாயகிக்கு ஒரு ஜாடி தேன்னு வருது. அந்த ஒரு வரிக்கு எவன்ஸ் உயிரோட இருந்திருந்தா என்ன ஆட்டம் ஆடியிருப்பாரு. இதுக்கு மூத்த எழுத்து லீனியர் ஏ இன்னும் யாராலயும் படிக்க முடியல, அசல் மினோவன் குரல் அதுலதான் பூட்டிக் கிடக்கு.

நாள் 4

தெக்கால ஃபைஸ்டோஸ், இன்னொரு மினோவன் அரண்மனை. பஸ்ல ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல, மலை ஏறி இறங்கினா மெசரா சமவெளி, கண்ணுக்கு எட்டின தூரம் ஒலிவ மரம். வழில கோர்டின் வந்துச்சு, கல்லுல சட்டம் செதுக்கின சுவர் இருக்கற இடம், இறங்கல, திரும்பற பஸ் கணக்கு இடிச்சுது.

இங்கயும் 1900லதான் தோண்ட ஆரம்பிச்சாங்க, இத்தாலிக்காரங்க. ஆனா இவங்க கிட்டத்தட்ட எதையும் எழுப்பல. படி, தரை, இடுப்பளவு சுவர், அவ்ளோதான். நடு முற்றத்துல நின்னா வடக்க சிலோரிடிஸ் மலை, 2456 மீட்டர், உச்சில இன்னும் பனி. ஆள் நடமாட்டமே இல்ல, ஒரு பூனை, ரெண்டு ஜெர்மன்காரங்க. நான் "இதுதான் நேர்மை, பாத்தியா"ன்னு ஆரம்பிச்சேன்.

அக்கா அரை மணி நேரம் சுத்திட்டு வந்து உக்காந்தா. "நேர்மைதான். ஆனா எனக்கு ஒண்ணும் புரியல. இது ரூமா, மாட்டுக் கொட்டாயா, எத்தனை மாடி, ஜன்னல் எங்க இருந்துச்சு, ஒண்ணும் தெரியல. நேத்து முந்தாநாள் பாத்த அரண்மனையை மனசுல வச்சுத்தான் இதையே பாக்கறேன்." எனக்கு சுருக்குன்னுச்சு, ஏன்னா நானும் அதையேதான் பண்ணிட்டு இருந்தேன். அந்த அகலப் படிக்கட்டுல ஏறினப்ப மேல ரெண்டு சிவப்புத் தூணு எனக்கே தெரியாம மனசுல வந்து நின்னுடுச்சு. எவன்ஸ் தூணு. அவரைத் திட்டறதுக்கும் அவரோட கண்ணாடியைத்தான் கடன் வாங்க வேண்டியிருக்கு.

ஃபைஸ்டோஸ் தட்டு கிடைச்சது இங்கதான், 1908ல, லூயிஜி பெர்னியேர் தோண்டினப்ப. தட்டை நேத்தே மியூசியத்துல பாத்தாச்சு, எழுத மறந்துட்டேன். 16 சென்டிமீட்டர் அகலம், ரெண்டு பக்கமும் சுருள் சுருளா குறிங்க, 45 வகை, மொத்தம் 240க்கு மேல, ஈரக் களிமண்ல ஒவ்வொரு குறிக்கும் ஒரு அச்சு வச்சுக் குத்தினது. இறகுத் தலைக்காரன், மீனு, கப்பல், நடக்கற ஆளு. இந்த மாதிரி இன்னொண்ணு எங்கயும் கிடைச்சதில்ல, அதனால படிக்கவும் வழியில்ல. 2008ல ஒரு அமெரிக்கக் கலைப் பொருள் நிபுணர் இது பெர்னியேரே பண்ண போலின்னு சொன்னாரு. பெரும்பாலானவங்க ஒத்துக்கல. எனக்கும் அசல்னுதான் தோணுது, இருந்தாலும் பாம்பு தெய்வத்துக்கப்புறம் எதுக்கும் அடிச்சு சத்தியம் பண்ணத் தயாரா இல்ல.

திரும்பறப்ப பஸ் லேட்டு. ஸ்டாப்புல உக்காந்து வெயில்ல கறுத்தோம்.

நாள் 5

காலைல ஆர்கானெஸ் பக்கம். அங்க யுக்டாஸ் மலைச் சரிவுல அனெமோஸ்பீலியான்னு ஒரு இடம், காத்துக் குகைன்னு அர்த்தம். டாக்சிக்காரர் மேல வரைக்கும் கொண்டு விட்டாரு. கம்பி வேலி போட்டுப் பூட்டி வச்சிருக்காங்க, வெளிய இருந்துதான் பாக்கணும், மூணு சின்ன ரூமோட அடிச்சுவர், வேற ஒண்ணும் இல்ல. பேருக்கேத்த காத்து, துப்பட்டா நிக்கல.

எவன்ஸ் மினோவன்களைப் பூ மாதிரி வச்சிருந்தாரு. கோட்டை இல்லாத ஊரு, சண்டை போடாத ஜனம், லில்லி, டால்ஃபின், பாம்பைப் பிடிச்ச அழகிங்க. 1979ல யானிஸ் சகெல்லராகிஸ், எஃபி சகெல்லராகின்னு ஒரு தம்பதி இங்க தோண்டினாங்க. நிலநடுக்கத்துல இடிஞ்சு விழுந்த கட்டடம், கிமு 1700 வாக்குல. உள்ள நாலு பேர் எலும்பு. அதுல ஒரு பையன், 18 வயசு இருக்கலாம், மேடை மேல ஒருக்களிச்சு, காலை மடக்கி, கட்டினாப்புல கிடந்தான், மேல ஒரு நீள வெண்கலக் கத்தி. நரபலி, பலி குடுத்துட்டு இருக்கறப்பவே கூரை விழுந்துடுச்சுன்னு அவங்க சொன்னாங்க. பெரிய சண்டையே நடந்துச்சு, இல்ல அது கத்தியே இல்ல ஈட்டி முனை, மேல்மாடில இருந்து விழுந்திருக்கும்னு மறுத்தவங்களும் உண்டு. அதே சமயத்துல க்னோசோஸ்ல ஒரு வீட்ல குழந்தைங்க எலும்பு கிடைச்சுது, கத்திக் கீறலோட.

வேலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னப்ப நான் நினைச்சது, இதுவும் ஒரு கதைதானே. எவன்ஸ் மூணு துண்டை வச்சு ராஜகுமாரனைச் செஞ்சாரு, இவங்க நாலு எலும்புக்கூட்டை வச்சு ஒரு நிமிஷத்தை முழுசா செஞ்சிருக்காங்க, யார் பூசாரி, யார் எந்தப் பக்கம் ஓடினாங்கன்னு வரைக்கும். எனக்கு இந்தக் கதை நம்பற மாதிரி இருக்கு. ஒருவேளை எங்க காலத்துக்கு ரத்தம் பிடிக்கும்ங்கறதாலயோ என்னவோ, தெரியல. அக்கா பேச்சே குடுக்கல, அந்தப் பையன் வயசைக் கேட்டதுல இருந்து முகம் வாடிப் போச்சு, அவ பையனுக்கும் அதே வயசு.

மதியம் ஹெராக்லியான் திரும்பி வரலாற்று மியூசியம். கலோகெரினோஸ் குடும்பத்து மாளிகைலதான் அது நடக்குது, 1903ல கட்டின வீடு. எல் கிரேக்கோ வரைஞ்ச சினாய் மலை ஓவியம் அங்க இருக்கு, அழகு. ஆனா நான் போனது அந்தப் பேர் எழுதின வாசலைப் பாக்கத்தான். எவன்ஸ் சிலைக்கு முன்னாடி பட்ட கோபம் கொஞ்சம் தணிஞ்சுது. அவர் எடுத்த தாழிங்கள்ல ஒண்ணு லண்டன்ல, ஒண்ணு பாரிஸ்ல இருக்கு, அன்பளிப்பா அவரே குடுத்தது. ஒரு இடத்துலயும் ஒட்டு வேலை பண்ணல மனுஷன், பண்ண விட்டா பண்ணியிருப்பாரோ என்னவோ.

சாயங்காலம் கடைத்தெரு. லில்லி இளவரசன் ஒவ்வொரு கடைலயும் முகத்தைக் காட்டிட்டு நிக்கறான், இல்லாத முகம். எனக்கு வாங்க ஒண்ணும் தோணல. அக்கா ஒரு கடைக்குள்ள போனவ கால் மணி நேரமா வரல. உள்ள போய்ப் பாத்தா கையில ஒரு விரிப்பு, கனமான பருத்தி, நீல டால்ஃபின், சின்னச் சின்ன மீனு, ஓரத்துல பவளப் பாசி மாதிரி கோடு. கடைக்காரம்மா "பாத் மேட், பாத் மேட்"ங்கறாங்க, குளியலறை வாசல்ல போடறதாம்.

"ஹால் சுவர்ல மாட்டப் போறேன்"னா அக்கா.

"தரையில போடறதுக்குத்தான்க்கா அதை அடிச்சிருக்காங்க."

"தரையில போட்டா மிதிப்பாங்க."

"அப்பவும் மிதிச்சாங்கன்னுதானேக்கா சொல்றாங்க."

அக்கா கடைக்காரம்மாவைப் பாத்தா, என்னைப் பாத்தா, விரிப்பைத் திருப்பி தையல் சரியா இருக்கான்னு பாத்தா. இப்ப அது சுருட்டி என் பைல இருக்கு, அவ பைல இடம் இல்லையாம். ஒம்பது மணிக்கு கப்பல், இந்த தடவை கேபின்.